திரிந்த பாலும் பன்னிரண்டாவது பெண்ணும்

வெள்ளகோவில் அங்கப்பனுக்கு முப்பத்து மூன்று வயது. சொந்தமாகத் தேங்காய் எண்ணெய் மில், எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு, தலையில் இன்னும் கொட்டாத முடி, இத்தனை இருந்தும் கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை. பதினோரு பெண் பார்த்தாயிற்று. அதில் ஏழு பேர் அவனை வேண்டாம் என்றார்கள். ஊரெல்லாம் ஐ.டி. மாப்பிள்ளை தேடுகிற காலத்தில் கொப்பரை வாடை வீசுகிற மாப்பிள்ளையை யார் சீந்துவார்கள்? மீதி நான்கு பேர் சரி என்றார்கள். அந்த நான்கு பேரையும் வேண்டாம் என்றது அங்கப்பனின் அம்மா முத்தாத்தாள்.

முத்தாத்தாளுக்குத் தொட்டதற்கெல்லாம் சகுனம். ஒரு வீட்டில் பெண் கூடத்துக்கு வரவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு இருட்டாகிவிட்டது. இன்னொரு வீட்டுக்குப் பேசி முடிக்கப் போகும் வழியில், காங்கேயத்தில் கார் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டியதும் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். மூன்றாவது வீட்டில் தரகரே தும்மிவிட்டார். பாவம், மனுஷனுக்கு சைனஸ். நான்காவது வீட்டில் அவள் கண்ணில் என்ன பட்டது என்பதை இன்றுவரை சொல்லவில்லை. பல்லியாக இருக்கும் என்பது அங்கப்பனின் ஊகம்.

பன்னிரண்டாவது பெண்தான் பீளமேட்டு வர்ஷினி. ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறவள். ஜாதகம் பொருந்தியதும் பெரியவர்களே இருவர் நம்பரையும் கைமாற்றிக் கொடுத்திருந்தார்கள். அவள் அனுப்பிய முதல் செய்தியே வம்பு.

“உங்க மில் போர்டை போட்டோவுல பாத்தேனுங்க. ‘கெமிக்கல் இல்லாத தேங்காய் எண்ணெய்’னு எழுதியிருக்கீங்க. எண்ணெயே கெமிக்கல்தானுங்க. அதுவும் இல்லாம டின்னுக்குள்ள என்னத்தைங்க அடைச்சு விக்கறீங்க?”

அங்கப்பன் மில்லில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தான். இதற்குமுன் பார்த்த பெண்கள் சம்பளம் எவ்வளவு, வீட்டில் ஏ.சி. உண்டா என்றுதான் கேட்டிருந்தார்கள். எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

ஒரு நாள் போனில், தனக்கும் கொஞ்சம் வேதியியல் தெரியும் என்று காட்டிக்கொள்ள நினைத்தான். பிளஸ் டூவில் படித்தது இன்னும் மறக்கவில்லை என்று பீற்றிக்கொண்டு, “திரும்பப் பழையபடி ஆச்சுன்னா இயற்பியல் மாற்றமுங்க, ஆகாட்டி வேதியியல் மாற்றமுங்க. எங்க எண்ணெயவே எடுத்துக்குங்க. மார்கழில உறையுது, வெயில்ல வெச்சா உருகுது. அது இயற்பியல் மாற்றமுங்க” என்றான்.

“சரிங்க. கொப்பரைய ஆட்டறீங்க, எண்ணெயும் புண்ணாக்கும் வருது. ரெண்டையும் சேத்துப் பிசைஞ்சா மறுபடி கொப்பரை ஆகுமுங்களா?”

“அதெப்படிங்க ஆகும்?”

“அப்ப உங்க மில்லுல நடக்கறது வேதியியல் மாற்றமுங்களா?”

அங்கப்பன் வசமாக மாட்டிக்கொண்டான். அவள் சிரித்தாள். “இல்லைங்க. கொப்பரைக்குள்ள இருந்த எண்ணெய்தான் வெளிய வந்திருக்குது. புதுசா ஒரு பொருளும் பொறக்கலைங்க. நீங்க எண்ணெய் சட்டியில புகைய விட்டுக் காறிப்போச்சுன்னா, அப்பத்தான் வேற ஏதோ பொறந்திருக்குதுன்னு அர்த்தம். திரும்புதா திரும்பலையாங்கறத நம்பி ஏமாந்துராதீங்க. புதுசா ஏதாச்சும் பொறந்துதா? அதத்தான் மொதல்ல கேக்கோணும்.”

அவன் போனை வைத்தபோது செக்கு, கொப்பரை தீர்ந்து வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கப்பன் அப்போதே முடிவு செய்துவிட்டான். ஒரு மாதப் பேச்சில் அவளுக்கும் அதே எண்ணம் என்று தெரிந்துவிட்டது. இனி பாக்கி அம்மாவின் சம்மதம் ஒன்றுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்கக் கிளம்பினார்கள். தரகருக்கு அன்றைக்கும் சளி. முத்தாத்தாள் அவரை வரவே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அங்கப்பன் முதல் நாளே நாலு டயரையும் மாற்றியிருந்தான். வழியில் பூனை இல்லை, தும்மல் இல்லை, பல்லடத்து டிராபிக் கூட அன்றைக்கு விலகி வழிவிட்டது. முத்தாத்தாள் பீளமேடு வந்து இறங்கும்வரை தேடிப் பார்த்தும் ஒரு கெட்ட சகுனமும் அகப்படவில்லை.

வர்ஷினிக்கு அம்மா இல்லை. அப்பா பாலுசாமி, நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலேயே கைகூப்பி நின்றார். ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மகனின் மனைவி ஜோஸ்லின்தான் அன்றைக்கு அடுப்படிக்குப் பொறுப்பு. அவள் தூத்துக்குடிப் பெண், கத்தோலிக்கக் குடும்பம், காதல் கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கூடத்துச் சுவரில் பழனி முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். முத்தாத்தாள் இரண்டு பேரையும் கும்பிட்டுக்கொண்டாள். எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவள்.

பழமும் பூவும் வைத்த பையிலிருந்து அவள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். “நாட்டுச் சக்கரைங்க. பவானியில என்ற அண்ணன் ஊட்டுல இருந்து வந்தது. நாங்க வெள்ளச் சக்கரை சேத்தறதில்லைங்க. அது பூராவும் கெமிக்கலுங்க.”

உள் அறையிலிருந்து யாரோ இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு என்பது அங்கப்பனுக்குத் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

முத்தாத்தாள் அடுப்படி வாசல்வரை போய்ப் பொட்டலத்தை ஜோஸ்லின் கையில் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. தென்னைக்கு வாடல் நோய் வந்தது பற்றிப் பாலுசாமி கேட்டார். அவினாசி ரோட்டு மேம்பாலம் பற்றி முத்தாத்தாள் கேட்டாள். அப்போதுதான் ஜோஸ்லின் கூடத்துக்கு வந்து நின்றாள். கையில் டம்ளர் இல்லை. முகத்தில் ரத்தம் இல்லை.

“மாமா... பால் திரிஞ்சு போச்சு.”

பாலுசாமி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பால் திரிவதற்கு மேல் ஒரு சகுனத்தைச் சகுன சாஸ்திரம் எழுதினவனே யோசித்திருக்க மாட்டான்.

“அதுக்கென்னங்க, பரவாயில்லைங்க” என்றாள் முத்தாத்தாள். “ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. எங்களுக்கும் ஊருல கொஞ்சம் சோலி கெடக்குதுங்க. ஊட்டுக்குப் போயிச் சொல்லி உடறோமுங்க. வாரமுங்க.”

அங்கப்பன் அதிலிருந்த ‘ங்க’க்களை எண்ணினான். எங்கள் பக்கத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டால் பயப்பட வேண்டியதில்லை, கோபம் ஆறிவிடும். ஆனால் ‘ங்க’ கூடக் கூடச் சம்பந்தம் தூரமாகிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். அம்மா இப்போது ஒரே மூச்சில் அரை டஜன் ‘ங்க’ போட்டிருந்தாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் அம்மா எழுந்த பிறகு அவன் உட்கார்ந்திருந்ததில்லை. அன்றைக்கும் உட்காரவில்லை. “சித்த இருங்கம்மா, தண்ணி குடிச்சுப்போட்டு வாரேன்” என்று நேரே அடுப்படிக்குள் நுழைந்தான்.

உள்ளே ஜோஸ்லின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வர்ஷினி, கரண்டியும் கையுமாகப் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் போனில் பேசியவர்கள் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொள்ளும் நேரம். இருவரும் பார்த்தது திரிந்த பாலை.

“சக்கரை கரைஞ்சு போச்சுங்க, அது ஒண்ணும் தப்பில்ல” என்றாள் வர்ஷினி, வகுப்பில் நிற்பவள் போல. “கரையறதுல சக்கரை சக்கரையாத்தான் இருக்குது. ஆனா நாட்டுச் சக்கரையில கொஞ்சம் புளிப்பு உண்டு, கொஞ்ச நாளானா இன்னும் எச்சா ஏறும். பாலுல இருக்கற புரதம் சுண்ணாம்புச் சத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் மெதந்துக்கிட்டு இருக்கும். கொதிக்கறப்ப புளிப்புப் பட்டா அந்தப் பிடி விட்டுப்போகும். தண்ணி வேற, கட்டி வேறன்னு பிரிஞ்சுக்கும்.”

“அப்ப இதுக்குக் காரணம் எங்க சக்கரை. இதை எங்கம்மாகிட்டச் சொல்லலாமுங்களே!”

“நான் எப்படிங்க சொல்லுவேன்? ஒறம்பரையா வந்தவங்க ஆசையாக் கொண்டாந்த பொருள நாங்களே கொறை சொல்றதுங்களா? அதக் கேட்டுப்போட்டு உங்கம்மா என்ற மூஞ்சியில முழிப்பாங்களா?”

அதுவும் சரிதான். சொல்லாவிட்டால் சகுனத்தில் போகும், சொன்னால் மானத்தில் போகும். அங்கப்பன் இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, ஒன்று மட்டும் இடித்ததால் ஜோஸ்லின் பக்கம் திரும்பினான். அம்மா வருஷக்கணக்காக மாடு வைத்துப் பால் கறந்தவள். நாட்டுச் சர்க்கரையைக் கொதிக்கிற பாலில் போடக்கூடாது, இறக்கி ஆறவைத்துத்தான் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“ஏனுங்க, அம்மா உங்ககிட்ட என்னங்க சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.”

“‘இந்தச் சக்கரைய வெச்சுப்போட்டு பாலக் காச்சுங்க அம்மணி’ன்னு சொன்னாவ. அதைத்தானே நானும் செஞ்சேன்? பாலை வெச்சு, சக்கரையப் போட்டு, காய்ச்சினேன். என் மேல என்ன தப்பு சொல்லுங்க!”

அங்கப்பன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். வர்ஷினிக்கும் பிடிபட்டுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணி, ‘வெச்சுப்போட்டு’ன்னா இங்க ஓரமா வெச்சுட்டுன்னு அர்த்தம். சக்கரைய ஓரமா வெச்சுட்டுப் பாலை மட்டும் காச்சச் சொல்லியிருக்காங்க. உள்ள போடச் சொல்லலை!”

ஜோஸ்லினுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. “உங்க ஊர்ல வந்துபோட்டு, போயிப்போட்டு, தூங்கிப்போட்டுன்னு எல்லாத்துக்கும் வால்ல ஒரு போட்டு தொங்குது. இதுல எது வாலு, எது நெசமாவே போடுததுன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பு கூடத்துக்குக் கேட்காமல் இருக்குமா? அடுப்படி வாசலில் முத்தாத்தாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், என்ன நடக்கிறதென்றே புரியாமல் பாலுசாமி.

“பாலு திரிஞ்ச ஊட்டுல என்ன சாமி சிரிப்பு?”

அங்கப்பனுக்குச் சிரிப்பு அடங்கியது. அம்மா ரோஷக்காரி. தன் வாய்ச்சொல்லால்தான் வந்தது என்று நாலு பேர் எதிரில் கேட்டால் என்ன செய்வாளோ? ஆனால் வர்ஷினி சொல்ல முடியாது, ஜோஸ்லின் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டியவன் அவன்தான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அம்மா சொன்னதும் தப்பில்லை, ஜோஸ்லின் புரிந்துகொண்டதும் தப்பில்லை, நடுவில் ‘போட்டு’ என்று ஒரு சொல் செய்த லொள்ளு இது என்று முடித்தான்.

முத்தாத்தாள் ஜோஸ்லினை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டுக்குள்ளேயே “வெச்சுப்போட்டு... வெச்சு, போட்டு...” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லும்போது அவளுடைய தோள் குலுங்கியது.

“அட என்ற சாமி! பூனை தானா குறுக்க வந்தா சகுனம். பூனைய நானே தூக்கிக் குறுக்க உட்டுப்போட்டு சகுனஞ் செரியில்லீன்னா சாமி சிரிக்காது? நீ அழுவாத கண்ணு. தப்பு என்றதுதான்.”

பாலுசாமி மூச்சு விட்டார். அங்கப்பனும் விடப் போனான். ஆனால் முத்தாத்தாள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள், முகம் மறுபடி சுருங்கியது.

“இருந்தாலும் நல்ல காரியத்துக்குக் காச்சின பாலாச்சே. ஏம்மணி, நீ இதத்தான படிச்சிருக்கறே? இத மறுபடி பாலாக்க முடியுமா?”

முடியும் என்று ஒரு பொய் சொல்லிவிடேன் என்று அங்கப்பன் மனசுக்குள் கெஞ்சினான். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணச் சொன்ன ஊரில் ஒன்றே ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

“முடியாதுங்க அத்தை” என்றாள் வர்ஷினி. “எந்த லேப்லயும் முடியாதுங்க. இது வேற பொருளாயிருச்சு.”

காரியம் கெட்டாலும் அங்கப்பனுக்கு அவள் மேல் பெருமை பொங்கியது. இவளுக்காக இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் பிறகு எதற்கு என்று தோன்றியது.

“அம்மா, திரும்புமான்னு கேக்காதீங்க. தெனமும் நீங்க பாலுல உறை ஊத்தறீங்க. காலைல தயிராக் கெடக்குது. அது மறுபடி பாலாகுதுங்களா? அதுக்காக ஒரு நாளாவது சகுனங் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கீங்களா? நல்லா உறைஞ்சிருக்குதுன்னு சந்தோசந்தானப் பட்டீங்க!”

“தயிரும் இதும் ஒண்ணாடா?”

“ஏறக்குறைய ஒண்ணுதானுங்க அத்தை” என்றாள் வர்ஷினி. “புளிப்பு பையச் சேந்தா தயிரு. வெடுக்குனு சேந்தா இது. ரெண்டுலயும் பாலு போயி வேற ஒண்ணு பொறக்குது.”

“இதுல என்ன பொறந்திருக்குதாம்?”

“இருபது நிமிசங் குடுங்க. காட்டறேன்.”

அவள் வெள்ளைத் துணியை விரித்துத் திரிந்ததை வடிகட்டினாள். கட்டியை வாணலியில் போட்டு, பொட்டலத்தில் மிச்சமிருந்த நாட்டுச் சர்க்கரையைக் கொட்டி, நெய் விட்டுக் கிளற ஆரம்பித்தாள். ஜோஸ்லின் ஏலக்காயைத் தட்டினாள். அங்கப்பன் வாணலியின் காதைத் துணியால் பிடித்துக்கொண்டான். முத்தாத்தாள் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் பொறுத்தாள், ஆறாவது நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

“தீயக் கொறை கண்ணு, அடி புடிச்சுக்கும். அப்படிக் கிளறக்கூடாது, இங்க குடு” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு அந்த அடுப்படி அவள் ராஜ்யமாகிவிட்டது. நெய்யை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றாள். முந்திரி இருந்தால் எடுக்கச் சொன்னாள். தூத்துக்குடியில் இதற்கு என்ன போடுவீர்கள் என்று ஜோஸ்லினைக் கேட்டாள். ஜோஸ்லின் தன் ஊர்ப் பலகாரமான மக்ரூன் கதையை ஆரம்பித்தாள். வாணலியில் வெள்ளைக் கட்டி பழுப்பாகி, பழுப்பு பொன்னாகி, நெய் ஓரத்தில் பிரிந்து வந்தது. வீடு முழுக்க வாசனை. கூடத்திலிருந்த பாலுசாமி, இது பெண் பார்க்கும் படலமா சமையல் போட்டியா என்று தெரியாமல் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

தட்டில் வைத்து ஸ்பூனோடு முத்தாத்தாளிடம் நீட்டினாள் வர்ஷினி. முத்தாத்தாள் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். இன்னொரு ஸ்பூன் போட்டாள். அங்கப்பனின் வாழ்க்கை அந்த ஸ்பூன் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது, அம்மாவோ சாவகாசமாக முந்திரியை மென்றுகொண்டிருந்தாள்.

அவள் ஸ்பூனைத் தட்டு ஓரத்தில் வைத்தாள். “கை கழுவத் தண்ணி எங்கீங்க?” என்றாள்.

பாலுசாமி அப்படியே நின்றுவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிப்பார்கள், பலகாரம் கொறிப்பார்கள், ஆனால் கை நனைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அதற்கப்புறம் பேச்சு மாற ஆள் கிடையாது. முத்தாத்தாள் குழாயடியில் நிதானமாகக் கையைக் கழுவினாள். வந்து உட்கார்ந்து, மிச்சத்தைக் கையாலேயே வழித்துச் சாப்பிட்டாள்.

“நல்லாப் பொறந்திருக்குது” என்றாள் வர்ஷினியைப் பார்த்து. பிறகு பாலுசாமி பக்கம் திரும்பினாள். “ஏனுங்க சம்பந்தி, மத்தியானச் சோறு இங்கதானுங்க. எலை இருக்குதுங்களா?”

பாலுசாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “சம்பந்தி, எலையும் இல்லைங்க, சோறும் இல்லைங்க. உண்டுபோட்டுப் போவீங்கன்னு ஆருங்க கண்டாங்க!” என்று அழுதுகொண்டே சிரித்தார். ஜோஸ்லின் அரிசிக் குண்டானைத் தூக்கினாள். முத்தாத்தாள், “பருப்பு எங்க அம்மணி வெச்சிருக்கறே?” என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி அடுப்படிக்குள் போனாள்.

வர்ஷினி அப்போதுதான் நிமிர்ந்து அவனை முழுசாகப் பார்த்தாள். மூக்கு நுனியில் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது. அங்கப்பன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“எலை... நான் வாங்கியாறேனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, பாலுசாமியின் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். தெருமுனைக் கடைக்காரர் ஜபருல்லா, பட்டுக்கரை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையும் வெறுங்காலுமாக வந்து நிற்பவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன விசேஷமுங்க? எத்தனை எலை?”

“பொண்ணு பாக்க வந்தேனுங்க. அஞ்சு எலை குடுங்க” என்றான் மாப்பிள்ளை.